மக்கர் செய்யும் கார்: மெக்கானிக்கிடம் போகும் முன் பார்க்க வேண்டியவை

போன வருஷம் சித்திரைத் திருவிழாச் சமயத்தில் ஒரு நாள் காலையில் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. மெக்கானிக்குக்கு போன் போட்டு, "அண்ணே, பேட்டரி போயிருச்சு, புதுசு ஒண்ணு எடுத்துட்டு வந்துருங்க" என்றேன். அவரும் கொண்டுவந்து மாட்டினார், வண்டியும் எழுந்தது, பழைய பேட்டரியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாயிற்று. மூன்றாம் நாள் மறுபடி அதே கதை. கடைசியில் பார்த்தால் எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரில் ஒரு போல்ட் லூஸாகி, உள்ளே பச்சை பூத்துக் கிடந்தது. மெக்கானிக்கிடம் கோபமாகக் கேட்டதற்கு அவர் சிரிக்காமல் சொன்னார்: "நீங்க பேட்டரி கேட்டீங்க தம்பி, நான் பேட்டரி போட்டேன்."

நியாயம்தானே. அன்றிலிருந்து பாகத்தின் பெயரை நான் வாயில் எடுப்பதில்லை. வண்டி என்ன செய்கிறது, எப்போது செய்கிறது என்று மட்டும் சொல்கிறேன். காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, நன்றாகச் சூடான பிறகா? ஏசி ஓடும்போது மட்டுமா? நாற்பதில் வருகிறதா, எண்பதில் வருகிறதா? பிரேக் மிதித்தாலா, ஸ்டீயரிங் திருப்பினாலா? இதற்கெல்லாம் பதில் கையில் இருந்தால், பார்க்கிறவருக்கும் வேலை குறைவு, நமக்கும் செலவு குறைவு. கீழே இருப்பது பதினொரு வயதான ஒரு பெட்ரோல் காரை மதுரை வெயிலில் ஓட்டிக் கற்றுக்கொண்டது. டீசல், ஆட்டோமேட்டிக், எலெக்ட்ரிக் என்றால் சில இடங்கள் பொருந்தாது, பார்த்துக்கொள்ளுங்கள்.

சாவியைத் திருப்பினால் எழவில்லை

இதில் மூன்று விதம் இருக்கிறது, மூன்றையும் "ஸ்டார்ட் ஆகல" என்று ஒரே வார்த்தையில் சொல்வதால்தான் குழப்பம்.

முதலாவது, டிக் டிக் டிக் என்று வேகமாகச் சத்தம் வந்து டேஷ்போர்டு விளக்குகள் மங்குகின்றன. பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது சார்ஜ் இருந்தும் போய்ச் சேரவில்லை. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் அணைகிற மாதிரி இறங்கினால் இந்த வகைதான். உடனே பேட்டரி வாங்க ஓடாமல் பானெட்டைத் திறந்து டெர்மினலைக் கையால் அசைத்துப் பாருங்கள். அசையவே கூடாது. வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் நெகட்டிவை முதலில் கழற்றி, அப்புறம் பாசிட்டிவ், சுடுதண்ணீரில் கொஞ்சம் சோடா உப்பு கலந்து பழைய பல் விளக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் காயவைத்து, மாட்டும்போது நெகட்டிவைக் கடைசியாக மாட்டி, மேலே லேசாக வாஸ்லின் தடவுங்கள். நெகட்டிவ் கேபிளின் மறுமுனை பாடியில் எங்கே முறுக்கியிருக்கிறது என்றும் பாருங்கள், நான் ஏமாந்தது அங்கேதான்.

ஒரு மல்டிமீட்டர் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 12-க்குக் கீழே என்றால் காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்கு வயசாகிவிட்டது. எஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.5-க்குள் இருக்க வேண்டும். ஓடும்போதும் 12 சொச்சத்திலேயே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை, அப்போது எத்தனை புதுப் பேட்டரி போட்டாலும் இரண்டு நாளில் உட்கார்ந்துவிடும். நம் ஊர் வெயிலில் பேட்டரி மூன்று, நான்கு வருஷம் தாங்கினாலே நல்ல உழைப்பு. குளிர்தான் பேட்டரிக்கு எதிரி என்று பலர் நினைக்கிறார்கள். குளிரில் அது படுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். உள்ளிருந்து அரிப்பது வெயில்.

பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து கரண்ட் வாங்குவதாக இருந்தால் வரிசையை மாற்றாதீர்கள். சிவப்பு கேபிள் செத்த பேட்டரியின் பாசிட்டிவ்வில், மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவ்வில். கறுப்பு நல்ல பேட்டரியின் நெகட்டிவ்வில், அதன் மறுமுனை செத்த வண்டியின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசிக் கவ்வலில் பொறி பறக்கும், பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பதற்குத்தான் இந்த ஏற்பாடு.

இரண்டாவது விதம், ஒரே ஒரு "டக்", அல்லது சத்தமே இல்லை, ஆனால் ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது. இது பேட்டரி இல்லை. எஞ்சினைச் சுற்றி எழுப்பும் செல்ஃப் மோட்டார், அதற்குக் கரண்ட் விடும் ரிலே என்ற சின்ன சுவிட்ச், சாவி சுவிட்ச், இவற்றில் ஏதோ ஒன்று. கிளட்ச் மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் வண்டி என்றால் மிதியடி மடிந்து பெடலுக்கு அடியில் போயிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சிரிக்க வேண்டாம், மாட்டுத்தாவணி பார்க்கிங்கில் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறேன்.

மூன்றாவது, செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. சாவியை ஆன் வரைக்கும் திருப்பி, ரேடியோவை அணைத்துவிட்டுக் காது கொடுங்கள், பின் சீட்டுப் பக்கமிருந்து இரண்டு நொடி "ம்ம்ம்" என்று பெட்ரோல் பம்ப் முனகும். முனகல் இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, பம்ப் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். முனகல் இருந்து, டேஷ்போர்டில் சாவிப் படம் விடாமல் மின்னினால் வண்டி உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை. இன்னொரு சாவியால் முயன்று பாருங்கள். விடாமல் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் இருக்கிற பேட்டரியும் போய்விடும்.

இவை எதுவுமில்லாமல், இரண்டு வாரம் நிறுத்திவைத்தால் மட்டும் பேட்டரி இறங்குகிறது என்றால், பிறகு மாட்டிய சாமான்களைச் சந்தேகப்படுங்கள். டேஷ்கேம், வெளியில் போட்ட ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயர், அலாரம். வண்டி பூட்டி உறங்கிய பிறகும் 50 மில்லியாம்பியருக்கு மேல் இழுத்தால் ஏதோ ஒன்று விழித்திருக்கிறது.

ஏசியில் குளிர் இல்லை

இந்தக் கேள்விக்கு மதுரையில் எங்கே போனாலும் ஒரே பதில்தான்: "கேஸ் கம்மியா இருக்கு சார், போட்டுரலாமா?" இரண்டு கோடையில் இரண்டு தடவை போட்டேன். கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்கிற பொருள் இல்லை, மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடிக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. கடையில் முதலில் கேட்க வேண்டியது "எங்க லீக்?" என்பதுதான்.

என் வண்டியில் கசிவும் இல்லை. கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும்போது அனல் காற்று, பாத்திமா கல்லூரி தாண்டித் திண்டுக்கல் ரோட்டில் வேகம் எடுத்ததும் ஜில்லென்று ஆகிவிடும். இப்படி ஓடினால் குளிர், நின்றால் சூடு என்றால் கேஸைத் தொடவே வேண்டாம். முன்னால் இருக்கும் ஃபேன் சுற்றவில்லை என்று அர்த்தம். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று, ஏசி கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்சரைக் குளிரவைக்கிறது, நின்றதும் அந்த வேலையை ஃபேன்தான் செய்ய வேண்டும். சோதனை சுலபம்: வண்டியை நிறுத்தி ஏசி போட்டு பானெட்டைத் திறங்கள், பெரும்பாலான கார்களில் கொஞ்ச நேரத்தில் ஃபேன் சுற்றத் தொடங்க வேண்டும். கையை உள்ளே விடாதீர்கள், எப்போது சுற்றும் என்று சொல்ல முடியாது. எனக்கு ரிலே ஒன்று போயிருந்தது, இரண்டு தடவை கேஸ் போட்ட காசோடு ஒப்பிட்டால் சில்லறை.

காற்றே பலமாக வரவில்லை, ஆனால் வருகிற கொஞ்சம் குளிராக இருக்கிறது என்றால் உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் அடைத்திருக்கிறது. பல கார்களில் டேஷ்போர்டு டிராயரைக் கழற்றினால் பின்னால் இருக்கும், நாமே மாற்றலாம். மேலூர்ப் பக்கம் கிரானைட் தூசியில் அடிக்கடி போய்வந்தால் வருஷம் ஒரு தடவை போதாது. கண்டென்சர் முகத்தில் அப்பியிருக்கும் மண்ணையும் பூச்சியையும் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பிரஷர் வாஷரைக் கிட்டத்தில் பிடித்தால் அந்த மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுவது ஏசி வேலை செய்வதற்கு அடையாளம், அதற்காக யாரும் பதற வேண்டாம். அந்தத் தண்ணீர் இடப்பக்கச் சீட்டின் கால்மிதியில் வந்தால்தான் வேலை, வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது.

டெம்பரேச்சர் முள் ஏறுகிறது

ஏறத் தொடங்கியதுமே ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் ஃபேனோடு போடுங்கள். மே மாதத்தில் ஹீட்டரா என்று கேட்பீர்கள், வேர்த்துக் கொட்டும்தான். ஆனால் எஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை வண்டிக்குள் இழுத்துவிடும், ஓரமாக ஒதுங்க நேரம் கிடைக்கும். ஒதுங்கி எஞ்சினை அணையுங்கள். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருங்கள், ரேடியேட்டர் மூடியைத் தொட்டுப் பார்த்துச் சூடு இருந்தால் இன்னும் பொறுங்கள். அவசரப்பட்டுத் திறந்தால் கொதிக்கிற தண்ணீர் முகத்துக்கு வரும்.

எப்போது ஏறுகிறது என்பதுதான் இங்கேயும் துப்பு. சிம்மக்கல் நெரிசலில் ஏறி, நால்வழிச் சாலையில் இறங்கினால் ஃபேன். ஊருக்குள் ஒழுங்காக இருந்து, ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது மட்டும் ஏறினால், எஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்ட் சரியாகச் சுற்றவில்லை: ரேடியேட்டர் உள்ளே அடைப்பு, சூட்டைப் பார்த்துக் கூலன்ட்டுக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப். கூலன்ட் குறைந்துகொண்டே போகிறது, தரையில் சொட்டும் இல்லை, சைலன்ஸரில் விடாமல் வெள்ளைப் புகை, ஆயில் மூடியைத் திறந்தால் பால் டீ நிறத்தில் கசடு என்றால், எஞ்சினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது. வண்டியை அதற்கு மேல் ஓட்டாதீர்கள், ரெக்கவரி வண்டிக்குக் கொடுக்கும் காசு ஹெட்டைக் கழற்றும் செலவைவிடக் குறைவு.

இன்னொன்று. ரோட்டோரத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றி ஊர் வந்து சேர்வது தப்பில்லை. அதையே வழக்கமாக்கி, வீட்டு போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால், உங்கள் வீட்டுக் குழாயிலும் வாளியிலும் படிகிற அதே உப்பு ரேடியேட்டருக்குள்ளும் படியும். கலந்து வரும் கூலன்ட் வாங்குங்கள், இல்லையென்றால் டிஸ்டில்டு வாட்டரில் பாதிக்குப் பாதி.

பிரேக் சரியில்லை

கீச் என்று மெல்லிய சத்தம் வந்தால் பேடு தேய்ந்திருக்கிறது, சத்தம் கரகரவென்று மாறினால் இரும்போடு இரும்பு உரசுகிறது, டிஸ்க்கும் போகும். மிதிக்கும்போது பெடல் காலுக்கு அடியில் துடித்து ஸ்டீயரிங்கும் ஆடினால் டிஸ்க் சமமாக இல்லை. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் லைனில் காற்று, அல்லது பழைய பிரேக் ஆயில். அந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், அதனால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். என்ஜின் ஆயிலை நாள் தவறாமல் மாற்றுகிறவர்கள்கூட இதை மறந்துவிடுகிறார்கள்.

இதன் விலை கொடைக்கானலில் தெரியும். சுமார் 2100 மீட்டர் உயரத்திலிருந்து வத்தலக்குண்டு வரை இறங்க வேண்டும், காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு நாலாவது கியரில் இறங்கினால் பாதி வழியில் கருகல் வாடை வரும், ஈரம் ஏறிய ஆயில் கொதித்துக் குமிழியாகி, பெடல் தரைக்குப் போய்விடும். நிறுத்தி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், சூட்டில் டிஸ்க் வளைந்துவிடும். மலை டிரைவர்கள் சொல்வது சரி: எந்த கியரில் ஏற முடியுமோ அந்த கியரில் இறங்கு. நியூட்ரலில் இறக்கிப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற ஆளோடு நான் வண்டியில் ஏறமாட்டேன். இன்ஜெக்‌ஷன் எஞ்சின் கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டால் பெட்ரோல் விடுவதையே நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் எஞ்சினை ஓட்ட பெட்ரோல் செலவாகும்.

ஆடுகிறது, இழுக்கிறது, சத்தம் போடுகிறது

நத்தம் பறக்கும் பாலம் 7 கிலோமீட்டருக்கு மேல் நீளம், குழி இல்லாத ரோடு, வண்டி எப்படிப் போகிறது என்று கவனிக்க நல்ல இடம். வேகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுத்தான். எண்பதை நெருங்கும்போது ஸ்டீயரிங் நடுங்கினால் முன் சக்கர பேலன்சிங், சீட்டு நடுங்கினால் பின் சக்கரம். நேர் ரோட்டில் ஒரு பக்கம் இழுத்தால் முதலில் நான்கு டயரிலும் காற்றைச் சரிபாருங்கள், அதற்கப்புறம்தான் அலைன்மென்ட். வேகத்தோடு சேர்ந்து உயரும் "ஊஊ" என்ற ரீங்காரம், வளைக்கும்போது கூடிக் குறைந்தால் வீல் பேரிங். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாகத் திருப்பும்போது கடகட என்றால் சக்கரத்தைச் சுற்றவைக்கும் டிரைவ் ஷாஃப்ட்டின் ஜாயின்ட், அதன் ரப்பர் கிழிந்து கிரீஸ் சிதறியிருக்கும். ஸ்பீடு பிரேக்கரில் "லொடக்" என்றால் பெரும்பாலும் லிங்க் ராடு, சின்னச் செலவுதான், ஷாக் அப்சார்பர் நான்கையும் மாற்றச் சொன்னால் இன்னொரு இடத்தில் காட்டுங்கள்.

டயர் பட்டன் நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் குறைவு, ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட். காற்றின் அளவு டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும், பங்க்சர் கடைக்காரர் "எல்லாத்துக்கும் முப்பத்தஞ்சு வைக்கிறோம்" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆம் வாரம் செய்தது. ஸ்டெப்னியில் அதைப் படித்துப் பாருங்கள், பலருக்கு அதிர்ச்சி காத்திருக்கிறது.

டேஷ்போர்டில் விளக்கு

சிவப்பு என்றால் நில், மஞ்சள் என்றால் சீக்கிரம் காட்டு. சிவப்பு எண்ணெய்க் கூஜா எரிந்தால் அடுத்த ஊர் வரை ஓட்டிப் பார்ப்போம் என்ற பேச்சே வேண்டாம், உடனே அணைக்க வேண்டும். மஞ்சள் எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் பெட்ரோல் மூடியை முதலில் இறுக்குங்கள், சில வண்டிகளில் அதற்கே எரியும். அதே விளக்கு மின்னி மின்னி எரிந்து வண்டி உதறினால் ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை, எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும், ஒதுங்கிவிடுங்கள்.

பேட்டரிப் படம் மட்டும் சிவப்பிலும் விதிவிலக்கு: ஓடும்போது அது எரிந்தால் சார்ஜ் ஏறவில்லை. ஏசி, பாட்டு எல்லாவற்றையும் அணைத்து, எஞ்சினை மட்டும் அணைக்காமல் வீடு சேரப் பாருங்கள். டெம்பரேச்சர் முள்ளும் கூடவே ஏறினால் பெல்ட் அறுந்திருக்கிறது, அப்போது நிறுத்தத்தான் வேண்டும்.

நேற்று வரை ஒன்றுமில்லை, காலையில் விளக்கு எரிகிறது, வைப்பர் தண்ணீர் அடிக்கவில்லை, ஏசியில் ஒரு வாடை என்றால் எலி. அந்துருண்டை, புகையிலை, ஸ்பிரே எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன், எங்கள் தெரு எலி அந்துருண்டையைப் பக்கத்தில் தள்ளிவைத்துவிட்டு வயரைக் கடித்தது. கொஞ்சமாவது பலன் தந்தது இரண்டுதான்: ராத்திரி பானெட்டைத் திறந்து வைப்பது, வண்டிக்குள் தின்பண்டம் விடாமல் இருப்பது.

தண்ணீரில் நின்றுவிட்டது

ஐப்பசி மழை ஒரு மணி நேரம் அடித்தால் மணிநகரம் கர்டர் பாலத்துக்கு அடியில் என்ன ஆகும் என்று ஊருக்கே தெரியும். முன்னால் போன பஸ் போய்விட்டதே என்று இறங்காதீர்கள், பஸ் எஞ்சின் காற்றை இழுக்கும் இடம் உயரத்தில் இருக்கிறது. இறங்கி, நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி செல்ஃப் அடிக்கவே கூடாது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது, உள்ளே தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே போனால் அதைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளையும். தள்ளி வெளியே கொண்டுவந்து, ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். நனைந்திருந்தால் இழுத்துக்கொண்டு போவதுதான் வழி. சாதாரண இன்சூரன்ஸில் இந்த எஞ்சின் சேதம் பெரும்பாலும் வராது, எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

பழைய வண்டி பார்க்கப் போகும்போது

மேலே சொன்ன எல்லாவற்றையும் அங்கே ஒரே மணி நேரத்தில் பார்க்க வேண்டியிருக்கும். டிஎன் 58, 59, 64 என்று மதுரை நம்பராக இருந்தால் பழைய ஓனரைத் தேடிப் பிடிப்பது சுலபம். சென்னை நம்பர் என்றால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து மண் கறை இருக்கிறதா பாருங்கள், ஸ்டெப்னி குழிக்குள்ளும் பாருங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் அங்கே முங்கிய வண்டிகள் எங்கோ போய்த்தானே ஆக வேண்டும். ஆர்சியில் கடன் பதிவு இருந்தால் வங்கியின் தடையில்லாக் கடிதமும் அந்தப் பதிவை நீக்கும் படிவம் 35-ம் வரும்வரை முழுப் பணம் கொடுக்க வேண்டாம். புகையின் நிறம்: நீலம் ஆயில் எரிவது, கறுப்பு பெட்ரோல் அதிகம், காலையில் கொஞ்ச நேரம் வந்து மறையும் வெள்ளை வெறும் ஆவி.

திருமங்கலத்தில் என் மச்சினனுக்கு ஒரு வண்டி பார்க்கப் போனோம். பெயின்ட் பளபளப்பு, ஸ்டார்ட் ஒரே தட்டில். நான் பானெட்டில் கை வைத்தேன், சுட்டது.

"என்னண்ணே, இப்பத்தான் ஓட்டினீங்களா?"

"ஆமா தம்பி, டீ வாங்கப் போயிட்டு வந்தேன்."

டீக்கடை எதிர்வரிசையில் இருந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்குச் சொல்லாமல் போய் நின்றோம். ஆறிய எஞ்சின், மூன்றாவது தடவையில் எழுந்தது, பின்னால் வேப்பமரம் தெரியாத அளவுக்கு நீலப் புகை. மச்சினன் என்னைப் பார்த்தான். அவர் மறுபடியும் டீ வாங்கி வந்தார், குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டோம்.